ஐந்தாம் குமிழ்

செப்டம்பர் 2, திங்கள்

கிளினிக்கில் இன்று ஒரு பெரியவர் என்னிடம், "பல்வலியைக்கூடத் தாங்கிக்கலாம்மா, உங்க விரலைத்தான் தாங்க முடியல" என்றார். முன்மேசையில் உட்கார்ந்து நகத்தால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. பல் டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ரெகார்டிங் என்னிக்கு?" என்று கேட்டார். பதினாலாம் தேதி, சனிக்கிழமை என்றேன். "அதுவரைக்கும் மேசை தாங்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தட்டிக்கொண்டிருந்தது எங்கள் ஐந்து பேர் தாளக் குழுவின் மூன்றாவது உருப்படியின் நடுப்பகுதி. மற்ற மூன்று பேரும் நிறுத்திக்கொள்ள, நானும் எதிராளியும் மட்டும் வாசிக்கிற இடம். என் கை டிரம்மும் அவர் குச்சியால் தட்டுகிற மரக்கட்டையும். என் பங்கை மட்டும் தட்டினால் ஃபோனில் யாரோ பேசுவதை ஒரு பக்கம் மட்டும் கேட்கிற மாதிரி இருக்கிறது. அவர் பங்கை மனசுக்குள் போட்டுக்கொண்டேதான் தட்டினேன். எப்போதும் அப்படித்தான்.

செப்டம்பர் 4, புதன்

டயர் கடை மாடியில் ஒத்திகை. ஒன்பது வருடமாக அதே வட்டம். கேப்டன் பெரிய டிரம்மோடு சுவரோரம். குலுக்கி வாசிக்கிற ஷேக்கர்களோடு இரட்டையர்கள், இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் அடித்துக்கொள்வார்கள். நான் ஜன்னலோரம். எனக்கு நேர் எதிரே அவர். அதனால்தான் எதிராளி. பெயர் வைத்தது நான், அவருக்குத் தெரியாது. ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பேசியிருந்தால்தானே.

முடிந்து சாமான்களைக் கட்டும்போது, மரக்கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார். அவர் வேலை பார்க்கிற லிஃப்ட் கம்பெனி வேறு ஊருக்குக் கூப்பிடுகிறதாம். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர்.

"போறீங்களா?" என்று கேப்டன் கேட்டார். கேப்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"பதினாறாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும். அப்பா இருந்தவரைக்கும் அவரை விட்டுட்டு அசைய முடியல. இப்ப அவரும் இல்ல. இங்க என்னைப் பிடிச்சு வைக்க என்ன இருக்கு?"

இதைச் சொல்லும்போது அவர் தன் பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே அடுக்கி வைத்த பழைய டயர்கள்தான்.

நான் இருக்கேன்ல. நான் இருக்கேன். எழுத வருது. அங்க நின்னப்ப எங்க போச்சு?

செப்டம்பர் 5, வியாழன்

வாய்க்கு என்ன கேடு எனக்கு.

செப்டம்பர் 8, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டை எத்தனை தடவை மடித்தேனோ. அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"யாரு போறா?" என்றாள்.

"யாரும் போகலம்மா." கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அம்மாவுக்கு இரண்டு காதும் மந்தம்.

"எனக்குக் காதுதான் கேக்காது. கண்ணுக்கு ஒண்ணும் ஆகல."

அதற்கு மேல் கேட்கவில்லை. என் கல்யாணம் இரண்டே வருடத்தில் முடிந்து, இரண்டு பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றபோதும் இப்படித்தான். ஒரு கேள்வி, அப்புறம் சாப்பாடு. அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கப்புறம் ஒருவரைப் பார்த்து இப்படி நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவேயில்லை. அதுவும் நாற்பத்து நாலு வயதில், முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு.

கிளினிக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வதும் அவர் கம்பெனிதான். கெட்டுப்போனால் அவர்தான் வருவார். போன வருடம் இரண்டு தடவை வந்தார். முன்மேசையில் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். இந்த வருடம் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சரிசெய்து தொலைத்திருக்கிறார்.

செப்டம்பர் 11, புதன்

கடைசி ஒத்திகை. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்தேன். நீங்க போறது எனக்குக் கஷ்டமா இருக்கும். நாகரிகமான வாக்கியம், யாரும் தப்புச் சொல்ல முடியாது.

பெரிய டிரம்மை மாடியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. அவர் கீழ்ப்படியில், நான் மேல்படியில், நடுவில் டிரம். திருப்பத்தில் கொஞ்சம் நின்றோம், மூச்சு வாங்க. யாரும் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"கையைப் பாத்து. சுவத்துல இடிக்குது" என்றேன்.

"ம்" என்றார்.

இறக்கிவிட்டோம்.

செப்டம்பர் 13, வெள்ளி

டிரம்மின் தோலை இழுத்து மாட்டியாகிவிட்டது. பையும் தயார். நாளை வாசித்து முடித்ததும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் சாப்பாட்டு நேரத்தில். இல்லையென்றால்— இப்படி எழுதிக்கொண்டே போனால் அவர் ரயில் ஏறிவிடுவார்.

செப்டம்பர் 14, சனி

கை வலிக்கிறது. ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஸ்டுடியோ ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. கதவை மூடியதும் தெரு முழுக்கக் காணாமல் போனது. தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் பஞ்சு. வட்டமாக உட்காரலாம் என்று நாங்கள் நினைத்துப் போனால், ஆளுக்கொரு சின்ன அறை. ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழக்கூடாதாம். அறைகளுக்கு நடுவே கண்ணாடிதான், ஆனால் என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே சரியாக ஒரு தூண். கேப்டன் தெரிந்தார், இரட்டையர்கள் தெரிந்தார்கள், ஒலிப்பதிவு செய்கிற அம்மா தெரிந்தார். அவர் மட்டும் தெரியவில்லை. ஒன்பது வருடமாக அந்த இடது தோள் லேசாக எழும்புவதைப் பார்த்துத்தான் நான் கையைப் போட்டிருக்கிறேன்.

ஒலிப்பதிவு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற ரகம். ஒவ்வொரு அறைக்கும் வந்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கைக்கடக்கமான ஒரு பெட்டியைக் காட்டினார். அதில் ஐந்து குமிழ்கள், திருகினால் சத்தம் ஏறும், இறங்கும். "ஒண்ணு உங்க கேப்டன். ரெண்டும் மூணும் அந்த ரெட்டைப் பசங்க. நாலு நீங்க. அஞ்சு அவர். யார் சத்தம் எவ்வளவு வேணுமோ நீங்களே வச்சுக்கலாம். உங்க காதுக்கு மட்டும்தான். மத்தவங்களுக்குத் தெரியாது."

மற்றவர்களுக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்கவே கூடாது.

முதல் இரண்டு உருப்படிகள் சிக்கலில்லாமல் முடிந்தன. காதில் டிக்டிக் என்று தாளம் ஓடிக்கொண்டே இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு போனோம். சாப்பாட்டு இடைவேளையில் எதிராளி இரட்டையர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். யார் ஷேக்கர் சரி, யார் ஷேக்கர் தப்பு என்று பஞ்சாயத்து. நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது உருப்படிக்கு டிக்டிக் வேண்டாம் என்றார் கேப்டன். "இது மூச்சு விட்டு வாசிக்க வேண்டியது. கடிகாரம் எல்லாம் கூட வரக்கூடாது." ஒலிப்பதிவு அம்மா தோளைக் குலுக்கிக்கொண்டார்.

தொடங்குவதற்கு முன்னால் சும்மாதான் ஐந்தாம் குமிழைக் கொஞ்சம் ஏற்றினேன். தூண் மறைக்கிறதே, காதாவது உதவட்டும் என்று. அவ்வளவுதான், அவர் என் தலைக்குள் வந்துவிட்டார். மரக்கட்டைச் சத்தம் மட்டுமில்லை. அடிக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பது. நாற்காலி கிறீச்சிடுவது. குச்சியைப் பிடிக்கிற கையில் மோதிர விரலின் நகம் கட்டையில் உரசுவது. ஒன்பது வருடமாக எதிரே உட்கார்ந்திருந்தும் இது எதுவும் எனக்குக் கேட்டதில்லை, கேப்டனின் டிரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதர் இருந்திருக்கிறார்.

அப்புறம் கேப்டனைக் கொஞ்சம் இறக்கினேன். இரட்டையர்களை இறக்கினேன். என்னையும் இறக்கிவிட்டேன், என் சத்தம்தான் எனக்குத் தெரியுமே. கடைசியில் ஐந்து மட்டும்.

முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சொர்க்கமாக இருந்தது. எங்கள் இருவர் பகுதி வந்ததும் ஒவ்வொரு அடிக்கும் அவர் மூச்சுக்காகக் காத்திருந்து காத்திருந்து வாசித்தேன். முடிந்ததும் ஹெட்ஃபோனில் கேப்டன் குரல். "என்னம்மா இது, மேட்டுல ஏறுற பஸ் மாதிரி முக்குது?"

இரண்டாவது தடவை இன்னும் மெதுவாகிவிட்டது. மூன்றாவதில், இரட்டையர்கள் மறுபடி நுழைய வேண்டிய இடம் வரவே இல்லை. பெரியவன் காத்திருந்து கொட்டாவி விட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "ஒன்பது வருஷமா சரியாப் போன இடம்" என்று கேப்டன் புலம்பினார். "இன்னிக்குன்னு ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?"

ஒலிப்பதிவு அம்மா எழுந்தார். முதலில் தூணுக்கு அந்தப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். மைக்கை அணைத்தார். குனிந்து என் பெட்டியைப் பார்த்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நினைச்சேன்" என்றார். "அங்க அவர் பெட்டியைப் பாத்துட்டு வரேன். அதுல நாலு மட்டும் ஏத்தி வச்சிருக்கு, மத்ததெல்லாம் சுத்தமா கீழ. இங்க வந்தா அஞ்சு மட்டும்."

நாலு நான். அது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"அவர் காதுல நீங்க மட்டும், உங்க காதுல அவர் மட்டும். நீங்க அடிக்கட்டும்னு அவர் நிக்கிறார், அவர் அடிக்கட்டும்னு நீங்க நிக்கிறீங்க. தாளம் எங்கிருந்தும்மா நகரும்?" குரலில் கேலி இல்லை. பழுது பார்க்க வந்தவர் பழுதைச் சொல்கிற மாதிரி சொன்னார். "யாராவது ஒருத்தர் நிக்காம வாசிக்கணும். நீங்க வாசிங்க. அவர் வந்துடுவார்."

"வரலேன்னா?"

"வரலேன்னா மறுபடி எடுப்போம். அதுக்குத்தானே நான் உக்காந்திருக்கேன்."

கதவருகில் திரும்பி, "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் குமிழை நானே இறக்கினேன். கை வரவில்லை. கடைசிவரை திருகியதும் அவர் இல்லாமல் போய்விட்டார், மூச்சு, நகம், நாற்காலி எல்லாமே. என்னை மட்டும் ஏற்றிக்கொண்டேன். எங்கள் பகுதி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், யாருக்கும் காத்திருக்காமல். அவர் வருகிறாரா இல்லையா என்று தெரியாமலே ஒரு முழுப் பகுதியையும் வாசித்தேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு தனியாக எதையும் செய்ததில்லை என்று தோன்றியது. வாசலில் பெட்டிகளோடு நின்ற அன்றைக்குக்கூட.

முடிந்து எல்லோரும் ஒலிப்பதிவு அறையில் கூடினோம். ஒலிப்பதிவு அம்மா அதைப் போட்டார். என் முதல் அடி விழுந்தது, கூடவே அவருடையது. இரண்டாவதும். மூன்றாவதும். கடைசிவரை ஒரு அடிகூடப் பிந்தாமல் வந்திருந்தார். கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான். இதுதான்யா" என்றார்.

அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கடைசித் தடவை நீங்க நிக்கவே இல்லையே" என்றார்.

"நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"ஓடி வந்து பிடிக்க வேண்டியதாப் போச்சு."

அவ்வளவுதான். இரட்டையர்கள் வந்து அவரைச் சாமான் தூக்கக் கூட்டிப் போனார்கள். கேப்டனுக்கு வண்டிக்காரர் ஃபோன்மேல் ஃபோன். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

ஆனால் நாலு மட்டும். அவர் பெட்டியில் நாலு மட்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையிலேயே கூப்பிட்டேன். யோசித்தால் நின்றுவிடுவேன் என்று யோசிக்காமல் கூப்பிட்டேன். எடுத்ததும், ஹலோகூடச் சொல்லாமல், "போகாதீங்க" என்றேன். நாகரிகமான வாக்கியமெல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ தாளிக்கிற சத்தம். அப்புறம், "இருங்க, அடுப்பை அணைச்சுட்டு வரேன்" என்றார்.

அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே சரின்னு சொல்லிட்டேன்" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு. கையெழுத்தும் போட்டாச்சு."

"பதினாறாம் தேதி வரைக்கும் இருக்குன்னீங்களே."

"இருந்துச்சு. புதன்கிழமை படிக்கட்டுல நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. கடைசியில சுவர் இடிக்குதுன்னீங்க. இனிமே சொல்லமாட்டாங்கன்னு நினைச்சுட்டேன்."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

எத்தனை வருஷமா பாத்தாராம். கேட்டேன். அவர் சொல்லல. நானும்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நின்னு, நின்னு— ஸ்டுடியோல ஒரு மத்தியானத்துல தெரிஞ்சது, வெளியில ஒன்பது வருஷமா தெரியலையே. ஒரு வாரம் முன்னால வாயைத் திறந்திருந்தா. ஒரு வாரம்.

அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். மறைக்கவில்லை. அவர் ஃபோனைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மூச்சு கேட்டது, நேற்றுக் கேட்ட அதே மூச்சு.

"நான் வேணா கம்பெனியில கேட்டுப் பாத்துட்டு, அப்புறம் உங்ககிட்ட—" என்று தொடங்கினார். அந்த 'அப்புறம்' எனக்குத் தாங்கவில்லை.

"அதெல்லாம் நிதானமாக் கேளுங்க" என்றேன். "முதல்ல அந்த ஊருக்கு எந்த ரயில்னு சொல்லுங்க."

செப்டம்பர் 29, ஞாயிறு

ஸ்டேஷன். கேப்டன்தான் அழுதார். நான் வீட்டுக்கு வந்து, அவர் கொடுத்துவிட்டுப் போன பழைய குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு.

அக்டோபர் 9, புதன்

ஒத்திகை. எதிரே நாற்காலியைப் போடாதே என்று இரட்டையரில் சின்னவன் சொல்ல, போடு என்று பெரியவன் சொல்ல, அதற்கு ஒரு சண்டை. கேப்டன் போட்டுவிட்டார். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். தாளம் தப்பவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

கிளினிக் லிஃப்ட் நின்றுவிட்டது. இப்போது நிற்கிறது, சனியன். வேறு யாரோ வந்து பார்த்தார். தண்ணீர் கேட்டார். பாவம், அவரை நான் அப்படி முறைத்திருக்கக் கூடாது.

நவம்பர் 3, ஞாயிறு

கம்பெனியில் கேட்டாராம். இரண்டு வருடம் முடியாமல் மாற்ற மாட்டார்களாம். இதைச் சொல்லத் தயங்கித் தயங்கி வானிலை எல்லாம் பேசினார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஃபோனை வைத்த பிறகு அவர் இருமியது ஞாபகம் வந்தது. சளி பிடித்திருக்குமோ. பார்த்துக்கொள்ள ஆளில்லை. இங்கே இருந்தாலும் நான் என்ன செய்திருக்கப்போகிறேன், எதிரே உட்கார்ந்து பார்த்திருப்பேன். ஆனாலும் பார்த்திருப்பேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பதிவு வந்துவிட்டது. ஒலிப்பதிவு அம்மா எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். எனக்கு மட்டும் கூடவே இரண்டு வரி. மூன்றாவது உருப்படியை அவர் ஒன்றும் திருத்தவில்லையாம், வாசித்தபடியே விட்டிருக்கிறாராம்.

ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல் வைத்துக்கொண்டாள். எங்கள் பகுதி வந்ததும் கையை எடுக்காமலே கேட்டாள்.

"இதுல மாப்பிள்ளை எது?"

அவள் விரலைப் பிடித்து, மரக்கட்டை விழுகிற ஒவ்வொரு அடிக்கும் ஸ்பீக்கரில் தட்டிக் காட்டினேன். "கூடவே வரார்" என்றாள் அம்மா.

மத்தியானம் அவரைக் கூப்பிட்டேன். அங்கே ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் கேட்டுவிட்டாராம். கொஞ்சம் வாசிக்கலாமா என்றார். அவர் அங்கே டிபன் பாக்ஸ் மூடியில் தட்ட, நான் இங்கே மேசையில் தட்டினேன். ஃபோனில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. அவருடையது வரட்டும் என்று நான் நிற்க, என்னுடையது வரட்டும் என்று அவர் நிற்க, பத்து அடிக்குள் தாளம் தேய்ந்து நின்றே போய்விட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. "நேர்ல பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை. அவரைக் கேட்டுவிட்டு எடுக்கவில்லை. எடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.